ஐந்து லீற்றர் கற்றுக்கொடுத்த பழக்கங்கள்

2022 ஜூலையில் இலங்கையில் எரிபொருளைப் பங்கிடும் கியூ.ஆர். முறை வந்தபோது முச்சக்கரவண்டிக்குக் கிடைத்தது வாரத்துக்கு 5 லீற்றர். மோட்டார் சைக்கிளுக்கு 4, காருக்கு 20, பஸ்ஸுக்கு 40. புத்தளம் நகரிலிருந்து பாலாவி, நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டி போய்த் திரும்பினால் ஏறத்தாழ 100 கிலோமீற்றர். நல்ல நிலையில் இருக்கும் ஆட்டோ லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்தாலும் அதற்கே 4 லீற்றர் சரி. ஒரு ஹயர் போய்வந்தால் வாரம் முடிந்தது. முந்திய டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ரூபாய்க்கு ஏறியிருந்தது. அந்த விலைக்கும் பெற்றோல் செட்டில் எண்ணெய் இல்லை.

இந்தக் கரையோரச் சாரதிமாருக்கு அந்த மாதங்கள் ஒரு பள்ளிக்கூடம். நிறுத்துமிடம் தூரத்தில் தெரியும்போதே நியூட்ரலில் போட்டு உருட்டுவது, அதற்கும் ஒருபடி மேலே போய்ச் சாவியை மூடிவிட்டு உருட்டுவது, வேகம் 20க்கு இறங்கினாலும் டொப் கியரை விடாமல் இழுப்பது, கார்புரேட்டர் ஸ்குரூவை முறுக்கி எண்ணெய் வரவைக் குறைப்பது, பெற்றோலில் மண்ணெண்ணெய் கலப்பது, வளைவிலும் பிரேக் மிதிக்காமல் எடுப்பது. இவற்றில் சில அப்பன் காலத்துப் பழக்கம், சில அந்த வருடத்துக் கண்டுபிடிப்பு. 2023 செப்டெம்பர் 1ஆம் திகதி கியூ.ஆர். போய்விட்டது. பழக்கங்கள் போகவில்லை.

இவற்றைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. சாரதிமார் கட்சியின் வாதம் எளிது: மிச்சம் பிடித்த பெற்றோல் இன்றைக்கே கையில் இருக்கும் காசு, தேய்மானம் என்பது எப்போதோ வரப்போகிற கதை. கராஜ் பாஸ்மார் கட்சி இதை அப்படியே திருப்பிப் போடுகிறது: செட்டில் மிச்சம் பிடித்ததை எல்லாம் ஒருநாள் எங்களிடம்தான் கொண்டுவந்து கட்டப்போகிறாய். இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன. எண்ணெய் மிச்சம் வேறு, எஞ்சின் ஆயுள் வேறு, ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும் என்று இருவருமே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையே பிழை என்பது என் கட்சி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்டோவும் அதில் ஏறிய ஆட்களும் சேர்த்து 600 கிலோ என்று வைப்போம். அது மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 37 கிலோஜூல். ஒரு லீற்றர் பெற்றோலில் 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் இப்படிப்பட்ட சிறிய எஞ்சின் சக்கரத்துக்குத் தருகிறது. அப்படியானால் நின்ற நிலையிலிருந்து 40க்கு வர 6 மில்லிலீற்றர் அளவுக்குப் பெற்றோல் செலவாகிறது. பிரேக்கைப் பிடித்து நிறுத்தினால் அந்த 37 கிலோஜூலும் டிரம்முக்குள் சூடாக மாறி, லைனிங்கைத் தின்றுவிட்டுக் காற்றோடு போகிறது. 40க்குப் பதில் 50இல் வந்து நின்றால் கணக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல். இப்படி எண்ணூறு தடவைக்கு மேல் நின்று புறப்பட்டால் அந்த வாரத்து 5 லீற்றரும் அதற்கே தீர்ந்துவிடும்.

வீணாகும் பெற்றோல் எங்கேயும் மறைந்துபோவதில்லை. பிரேக்கில், டயரில், கிளச்சில் சூடாகவும் உராய்வாகவும் வெளிப்படுகிறது. எண்ணெய் விரயமும் தேய்மானமும் பெரும்பாலும் ஒரே பேரேட்டின் இரண்டு பத்தி. ஆகவே ஒரு சிக்கனப் பழக்கத்தைத் தீர்ப்புக்கு எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மிச்சமான அந்தத் துளி, செலவாகியிருந்தால் என்ன வேலை செய்திருக்கும்? பிரேக் டிரம்மைத்தான் சூடாக்கியிருக்கும் என்றால் இரட்டை இலாபம். எஞ்சினுக்கு எண்ணெய்ப் படலத்தையோ குளிர்ச்சியையோ கொடுத்திருக்கும் என்றால் மிச்சம் என்று சொல்வதற்கில்லை, அது எஞ்சினிடம் வாங்கிய கடன்.

முதல் வகையில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வருவது நிதானம். முன்னால் போகும் பஸ் நிற்கப்போகிறது என்று பார்த்து நூறு மீற்றருக்கு முன்பே அக்சிலேற்றரை விடுவது, புறப்படும்போது முறுக்காமல் எடுப்பது. ஆவேசமாக ஓட்டினால் நெடுஞ்சாலை வேகத்தில் 15 முதல் 30 சதவீதம் வரையும், நின்று நின்று போகும் ஓட்டத்தில் 10 முதல் 40 சதவீதம் வரையும் எரிபொருள் சிக்கனம் குறைகிறது என்று அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் சொல்கிறது. அந்த நாட்டுக் கார்களின் சதவீதம் நம் ஆட்டோவுக்கு அப்படியே பொருந்தாது; திசை பொருந்தும். இந்தப் பழக்கத்தால் எஞ்சினுக்கோ கியருக்கோ எந்தக் கெடுதியும் நான் கேள்விப்பட்டதில்லை. பாஸ்மாரும் இதில் வாய் திறப்பதில்லை.

வேகத்தைப் பற்றி எல்லா ஊரிலும் சொல்வதை இங்கே திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மாவட்டத்தில் மேடு பள்ளம் கிடையாது, காற்று உண்டு. மாம்புரியில் காற்றாலைகள் நிற்பதும், கற்பிட்டிக்கு வெள்ளைக்காரர் பட்டம் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க வருவதும் அதற்காகத்தான். மே தொடங்கி செப்டெம்பர் வரை சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் வீசுவது சாதாரணம். காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். அது ரோட்டைப் பார்த்த வேகத்துக்கு அல்ல, எதிரே வரும் காற்றைப் பார்த்த வேகத்துக்கு. 60இல் போகும் வான் 30இல் வீசும் எதிர்க்காற்றைச் சந்தித்தால், அது 90இல் போகிற மாதிரியே காற்றோடு மல்லுக்கட்டுகிறது; தடை இரண்டேகால் மடங்கு. அதே காற்று முதுகில் விழுந்தால் தடை நாலில் ஒன்று. ஏ3 பாதையில் புத்தளத்திலிருந்து சிலாபம் பக்கம் இறங்குகிறவர்களுக்கு அந்த மாதங்களில் காற்று முகத்தில், திரும்பி வரும்போது முதுகில். போகும்போது 50, வரும்போது 60 என்று வைத்துக்கொள்கிற சாரதி, இரண்டு பக்கமும் 55இல் ஓட்டுகிறவரைவிடக் குறைவாகச் செலவழிப்பார். ஆட்டோவுக்குச் சட்டம் 40க்கு மேல் அனுமதிப்பதே இல்லை. சட்டத்தை மதிக்க இன்னொரு காரணம் வேண்டுமென்றால் அதன் ரெக்சின் கூரையும் தட்டையான முகமும் போதும்.

அடுத்தது உருட்டல். ஓரளவு நியாயமும் ஓரளவு பைத்தியக்காரத்தனமும் கலந்த பழக்கம் இது. கடுகண்ணாவையில் இறக்கம் உண்டு, அங்கே நியூட்ரலில் உருட்டுகிறவனுக்கு ஆபத்தோடு மிச்சமும் உண்டு. நம் பாதையில் உருட்டலுக்கு இருக்கும் ஒரே முதல், ஏற்கெனவே எண்ணெய் கொடுத்து வாங்கிய வேகம். 40இல் நியூட்ரலுக்குப் போட்டால் சமதரையில் இருநூறு மீற்றர் அளவுக்குத்தான் பயனுள்ள ஓட்டம். அந்த இருநூறு மீற்றரில் என்ன மிச்சம் என்பது வண்டியைப் பொறுத்தது. கார்புரேட்டர் வண்டியில் கியரில் இருந்தாலும் ஸ்லோ ஜெட் வழியாகக் கொஞ்சம் எண்ணெய் போய்க்கொண்டே இருக்கும். நியூட்ரலில் சுற்று குறைவதால் அது இன்னும் குறையும். அற்பம் என்றாலும் இலாபம்தான். இன்ஜெக்‌ஷன் கார்களில் கதை வேறு. கியரில் வைத்தபடி அக்சிலேற்றரை விட்டால் கம்பியூட்டர் எண்ணெயை முழுதாக நிறுத்திவிடும்; சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலுக்குப் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க மறுபடி எண்ணெய் கொடுக்கும். நிறுத்தப்போகிற இடத்துக்கு நியூட்ரலில் உருட்டி வரும் வாகன்-ஆர் உரிமையாளர், மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு செலவழிக்கிறார். எஞ்சின் பிடித்திருக்க வேண்டிய வேகத்தைப் பிரேக்குக்குக் கொடுத்து லைனிங்கையும் தேய்க்கிறார்.

சாவியை மூடி உருட்டுவதற்கு என்னிடம் எந்தத் தயவும் இல்லை. காரில் பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிடம் ஓரிரு மிதியோடு தீர்ந்துவிடும், ஸ்டியரிங் கல்லாகிவிடும். ஓட்டோ கியர் வண்டி என்றால், எஞ்சின் நின்றதும் கியர்பெட்டிக்கு எண்ணெய் தள்ளும் பம்பும் நின்றுவிடும். சக்கரம் சுற்ற, உள்ளே பற்களும் பெல்ட்டும் உலர்ந்த நிலையில் சுற்றும். ஆட்டோவில் இந்த ஆபத்துகள் இல்லை என்று சிலர் வாதாடுவார்கள். உண்மைதான். ஆனால் கியரை எடுக்காமல் சாவியை மட்டும் மூடினால் கார்புரேட்டர் தன் பாட்டில் எண்ணெயைக் கொடுத்துக்கொண்டிருக்கும். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிட்டு சைலன்சருக்குள் போய்த் தேங்கும். மறுபடி சாவியைத் திறக்கும்போது கேட்கும் வெடிச்சத்தம் அதுதான். மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்கள் ஓட்டத்திலேயே எஞ்சினை அணைத்து விடுகின்றனவே என்று கேட்கலாம். அவற்றின் பிரேக், ஸ்டியரிங், ஏ.சி. எல்லாம் எஞ்சினை நம்பாமல் மின்சாரத்தில் ஓடும்படி அமைத்த பிறகுதான் எஞ்சினை அணைக்கும் உரிமையைப் பொறியியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். சாவியால் அந்த அமைப்பைப் போலி செய்ய முடியாது.

நின்ற இடத்தில் அணைப்பது வேறு, அதற்கு முழு ஆதரவு. சிறிய கார் ஒன்று நின்றபடி மணிக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் குடிக்கும். பத்து விநாடிக்கு மேல் நிற்பதென்றால் அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுவதே எண்ணெயில் இலாபம் என்று அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடம் கண்டிருக்கிறது. ஸ்டார்ட்டர் தேய்மானம் கணக்கில் வரும் என்பதால் நான் பத்து விநாடியை ஒரு நிமிடமாக்குவேன். புத்தளம் ரயில் கடவையில் கதவு விழுந்தால் அணை, சந்தியில் சிக்னல் மாறும் வரை அணைக்காதே. சூடான எஞ்சினை மறுபடி எழுப்புவதில் தேய்மானம் மிகக் குறைவு, எண்ணெய்ப் படலம் இன்னும் அங்கேயே இருக்கும். பழைய கைப்பிடி ஸ்டார்ட் ஆட்டோ வைத்திருப்பவருக்குத் தேய்வது தோள்பட்டை மட்டும். காலையில் எஞ்சினைச் சூடாக்குகிறேன் என்று ஐந்து நிமிடம் முற்றத்தில் ஓடவிடுகிறவர்களை இதே மூச்சில் கண்டிக்க வேண்டும். இது நுவரெலியா இல்லை. ஸ்டார்ட் பண்ணி அரை நிமிடத்தில் மெதுவாகப் புறப்படலாம். குளிர்ந்த எஞ்சினை நின்றபடி ஓடவிட்டால் அதிக எண்ணெய் குடித்து, அந்த எண்ணெயாலேயே சிலிண்டரைக் கழுவிக்கொள்ளும்.

டொப் கியரில் இழுப்பது பற்றிய வழக்குத்தான் உண்மையிலேயே இழுபறியானது. சாரதிமார் சொல்வதில் அறிவியல் இருக்கிறது. குறைந்த சுற்றில், கொஞ்சம் அதிகச் சுமையில் ஓடும் பெற்றோல் எஞ்சின்தான் துளிக்குத் துளி அதிக வேலை தரும். உராய்வும் காற்றை உறிஞ்சும் சிரமமும் குறைவு. ஆகவே கியரைச் சீக்கிரம் மாற்றுவது சரி. எதுவரை என்பதுதான் கேள்வி. நம் ஊரில் அதிகம் ஓடும் பஜாஜ் ஆட்டோவின் எஞ்சினுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி இல்லை. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் விசிறிதான் காற்றை அடித்துக் குளிரவைக்கிறது. எண்ணெய்ப் பம்பும் எஞ்சின் சுற்றுக்குத்தான் கட்டுப்பட்டது. மூன்று பேரையும் ஒரு மூட்டை வெங்காயத்தையும் ஏற்றிக்கொண்டு மணலில் ஊர்ந்து போகும்போது டொப் கியரில் இழுத்தால், சுமை உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தில்தான் விசிறியும் பம்பும் அரைத் தூக்கத்தில் இருக்கும். பேரிங்கில் எண்ணெய்ப் படலம் மெலியும், எஞ்சின் நொக் அடிக்கும், மௌன்டிங் றப்பர் கிழியும். எல்லையைக் காதே சொல்லிவிடும்: அக்சிலேற்றரைத் திருப்பியும் வேகம் ஏறாமல் டக்கு டக்கு என்ற சத்தம் மட்டும் ஏறினால் அந்தக் கணமே ஒரு கியர் இறங்க வேண்டும். சத்தம் வருவதற்கு முன்வரை சாரதி கட்சி வெல்கிறது, அதற்குப் பிறகு பாஸ் கட்சி.

தொகையாகப் பார்த்தால் இன்னும் தெளிவு. ஒரு நாளைக்கு 100 கிலோமீற்றர் ஓடும் ஆட்டோவுக்கு 4 லீற்றர், லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தால் 1200 ரூபாய். இழுத்து ஓட்டி 5 சதவீதம் மிச்சம் பிடித்தால் நாளொன்றுக்கு 60 ரூபாய். அதே 60 ரூபாயை வீண் பிரேக்குகளைத் தவிர்ப்பதிலும் எதிர்க்காற்றில் வேகத்தை 5 கிலோமீற்றர் குறைப்பதிலும், எஞ்சினைத் தொடாமலே எடுக்க முடியும் என்றால், பேரிங்கை எதற்காகப் பந்தயம் வைக்க வேண்டும்? 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடமும் கையில் இருந்த எஞ்சினைப் போல் இன்னொன்று எளிதில் கிடையாது என்ற நிலையில்தான் இந்தப் பந்தயம் நடந்தது.

கார்புரேட்டர் முறுக்குக்கும் மண்ணெண்ணெய்க்கும் வருவோம். இரண்டும் எஞ்சினிடம் கடன் வாங்குவது. கலவையில் எண்ணெயைக் குறைத்தால் எரிப்பு சூடேறும். காற்றால் குளிரும் எஞ்சினில் அந்தச் சூட்டை முதலில் தாங்குவது எக்ஸோஸ்ட் வால்வு. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்: மூக்கு பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நலம், சுண்ணாம்பு போல வெளுத்து ஓரத்தில் பொடிப்பொடியாகப் பூத்திருந்தால் முறுக்கியது அளவுக்கு மிஞ்சிவிட்டது. 2008இல் இறக்குமதி தடைசெய்யப்பட்ட இரண்டு-ஸ்ட்ரோக் ஆட்டோக்களில் எஞ்சியிருப்பவற்றுக்கு ஆபத்து இரட்டிப்பு. அவற்றுக்கு மசகு எண்ணெய் பெற்றோலோடு கலந்துதான் போகிறது. பெற்றோலைக் குறைத்தால் மசகும் குறையும். டூ-டி எண்ணெயையும் குறைத்து ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் நாளை நாள்காட்டியில் குறித்து வைக்கலாம்.

மண்ணெண்ணெய் என்றதும் யாழ்ப்பாணத்தைச் சாட்சிக்கு இழுப்பார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அங்கே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின என்பது வரலாறு. ஒரு சொட்டுப் பெற்றோலைக் கார்புரேட்டருக்குக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சாட்சி உண்மையானதே, வழக்குக்குத்தான் பொருந்தவில்லை. மொறிஸ் மைனரும் ஒஸ்டினும் அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள், மண்ணெண்ணெயின் தாழ்ந்த ஒக்டேனைச் சகித்துக்கொண்டன. அன்றைக்குப் பெற்றோல் எந்த விலைக்கும் கிடையாது. எஞ்சின் தேய்வதா, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதா என்பதுதான் கேள்வியாக இருந்தது. இன்றைய நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சினில் மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் ரிங்குகளைத் தாண்டி அடியில் இருக்கும் எஞ்சின் எண்ணெயோடு சேர்கிறது. எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்த்து மட்டம் ஏறியிருக்கிறதே என்று சந்தோஷப்படக் கூடாது. ஏறியது மண்ணெண்ணெய், அந்த எண்ணெய் இனி எண்ணெய் இல்லை. டீசலில் கலந்தால் வேறு விதமான நட்டம். இன்ஜெக்டர் பம்புக்கு டீசலே மசகு. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு இல்லை. கற்பிட்டியிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் பட்டா லொறிக்காரர் இதை யோசிக்க வேண்டும். போதாததற்கு 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போன நாளே இந்தப் பழக்கத்தின் பொருளாதார நியாயமும் பெருமளவு சுருங்கிவிட்டது. தீர்ப்பு: தள்ளுபடி.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் ஓரளவு பொருந்தும். கடல் ஒரு பக்கம், களப்பு மறுபக்கம், நடுவில் உப்பளம் என்று இருக்கும் இந்த மண்ணில் இன்னொரு தரப்பு வழக்கில் சேர்கிறது. பாலாவிப் பக்கம் ஒரு கராஜில் கழற்றி வைத்திருந்த ஆட்டோ பிரேக் டிரம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். லைனிங் பாதிக்கும் மேல் இருந்தது. நிதானமாக ஓட்டுகிற ஒருவருடைய வண்டி. ஆனால் உட்சுவரில் துருத் திட்டுகள், ஸ்பிரிங் கொக்கியில் வெள்ளையாக உப்புப் பூத்து, வீல் சிலிண்டர் பிஸ்டன் விரலால் தள்ளியும் அசையாமல் இறுகியிருந்தது. "தேய்ஞ்சு வாற வண்டிய விட இறுகி வாற வண்டிதான் கூட, தம்பி" என்றார் பாஸ். "அப்ப அடிக்கடி பிரேக் புடிக்கச் சொல்றீங்களா நானா?" என்று கேட்டேன். "புடிக்காட்டியும் பரவாயில்ல, கழுவச் சொல்லுங்க."

இந்தப் பதிலில் வழமையான தீர்ப்பு ஒன்று உடைகிறது. பிரேக்கைக் குறைவாகப் பயன்படுத்தினால் பிரேக் நீடிக்கும் என்பது உள்நாட்டு நியாயம். உப்புக் காற்றில், உராய்ந்து துடைக்கப்படாத இரும்பு துருவேறும். பிரேக்கை அதிகம் தொடாத மின்சாரக் கார்களுக்கும் இதே தொல்லை. ஃபோக்ஸ்வாகன் தன் ஐ.டி.3 காரின் பின்சக்கரத்துக்கு மூடிய டிரம் பிரேக்கைத் திரும்பக் கொண்டுவந்ததில் துருவைப் பற்றிய யோசனையும் இருந்தது. இறுகிய பிரேக் இன்னொரு அநியாயமும் செய்கிறது: விட்ட பிறகும் டிரம்மைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நிதானத்தால் மிச்சமானதை அந்த உராய்வு நாள் முழுக்க ஓசைப்படாமல் தின்றுவிடும். ஓட்டி முடித்து நிறுத்தியதும் நான்கு விரலால் ஒவ்வொரு சக்கர மையத்தையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால், போகிற இடம் பெற்றோல் செட் அல்ல, கராஜ். ஆகவே நிதான ஓட்டத்துக்கு நான் கொடுத்த முழு ஆதரவில் இங்கே ஒரு நிபந்தனை: வாரத்தில் ஓரிரு முறை வெறும் ரோட்டில் நல்லாக அழுத்தி ஒரு பிரேக், அத்தோடு அடிப்பகுதிக்கு நல்ல தண்ணீர்.

ஓட்டாமல் நிறுத்தி வைப்பதைப் பெரிய சிக்கனம் என்று 2022இல் பலர் நினைத்தார்கள், வேறு வழியும் இருக்கவில்லை. அந்த வாரங்களில் முற்றத்தில் கிடந்த வண்டிகளுக்கு பற்றறி இறங்கியது, கார்புரேட்டரில் பெற்றோல் பிசினானது, பாதி வெறுமையான தாங்கியில் துரு விழுந்தது. கடற்கரை ஓரத்தில் நிற்கும் வண்டியும் தேய்கிறது, எண்ணெய் செலவில்லாமல். இதற்கு நேர் எதிராக, எஞ்சின் நல்லாக மூச்சு விடட்டும் என்று ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். அடைபட்ட ஃபில்டர் கார்புரேட்டர் எஞ்சினில் எண்ணெயைக் கூட்டும் என்பது உண்மை. இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் எண்ணெய்ச் செலவு மாறுவது மிக அற்பம் என்று 2009இல் ஓக் றிட்ஜ் ஆய்வுகூடம் அளந்தே காட்டியிருக்கிறது. நுரைச்சோலை மணலும் சீமெந்து ஆலைப் பக்கத்துத் தூசும் பறக்கிற ரோட்டில் ஃபில்டர் இல்லாமல் ஓட்டுவது சிலிண்டரை அரத்தால் தேய்ப்பதற்குச் சமம். சுத்தம் பண்ணலாம், மாற்றலாம், கழற்ற முடியாது.

கடலில் ஓடும் எஞ்சினுக்கும் இதே அளவுகோல்தான். கண்ணாடியிழை வள்ளங்களின் மண்ணெண்ணெய் எஞ்சின் அதற்கென்றே அமுக்கம் குறைத்துச் செய்தது. அங்கே மண்ணெண்ணெய் குற்றவாளி இல்லை. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரைக்கு வரும்போது மறுபடி பெற்றோலுக்கு மாற்றி அணைப்பது முறை. அந்தக் கடைசிக் கொஞ்சப் பெற்றோலை மிச்சம் பிடித்து மண்ணெண்ணெயிலேயே அணைப்பவர், அடுத்த விடியலில் ஈரமான பிளக்கோடும் இழுகயிற்றோடும் சண்டை போடுவார். வேகத்தைக் குறைப்பதோ இங்கே நிலத்தைவிடப் பெரிய இலாபம். ஐ.நா. உணவு, விவசாய அமைப்புக்காக ஓய்விண்ட் குல்பிராண்ட்சென் எழுதி 2012இல் வந்த சிறு படகுகளுக்கான எரிபொருள் சிக்கனக் கையேட்டின் சாரமும் அதுதான். ஒரு திருத்தம் மட்டும் சொல்லலாம்: இலேசான வள்ளம் மூக்கைத் தூக்கி, பின்பக்கம் அமிழ்ந்து ஓடும் நடுத்தர வேகம்தான் எல்லாவற்றிலும் மோசம். ஒன்றில் அதற்குக் கீழே, அல்லது மேலே தாண்டி மட்டமாக.

இத்தனையும் தெரிந்த பிறகும் கெட்ட பழக்கங்கள் ஏன் பிழைக்கின்றன? அறியாமை என்று சொல்ல மனம் வரவில்லை. சாரதிமாருக்கு எஞ்சினின் சத்தம் என்னைவிட நன்றாகத் தெரியும். பணம் யார் பையிலிருந்து போகிறது என்று பாருங்கள். ஆட்டோவை நாள் வாடகைக்கு ஓட்டுபவர் பெற்றோல் போடுகிறார். எஞ்சின் செலவு உரிமையாளருடையது. அவருக்கு டொப் கியரில் இழுப்பதும் ஸ்குரூவை முறுக்குவதும் முழு இலாபம். தேய்மானம் அவர் கணக்கில் வராது. தனியார் பஸ்ஸில் இது தலைகீழ்: டீசல் உரிமையாளருடையது, சாரதியும் நடத்துனரும் நாள் வசூலைப் பார்த்து ஓடுகிறார்கள், ஆகவே சிலாபம் ரோட்டில் பஸ்கள் அடுத்த தரிப்பிடத்துக்கு முந்தும் போட்டியில் டீசலையும் லைனிங்கையும் ஒருசேர எரிக்கின்றன. வள்ளத்தில் எண்ணெய்க் காசைக் கழித்துவிட்டுத்தான் பங்கு பிரிப்பது என்பதால், மெதுவாகப் போகலாம் என்று சொல்ல எல்லோருக்கும் காரணம் இருக்கிறது; எஞ்சின் வள்ள உரிமையாளரான சம்மாட்டிக்கு மட்டும் சொந்தம் என்பதால், கடைசிப் பெற்றோலை ஊற்ற யாருக்கும் அவசரம் இல்லை. லீசிங்கில் எடுத்து, தானே ஓட்டி, தானே தவணை கட்டுகிற ஆட்டோக்காரரிடம்தான் இரண்டு கணக்கும் ஒரே பையில் இருக்கிறது; பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்கிறவர்களும் அதிகம் அவர்களே.

வாடகைக்கு விடுகிறவர்கள் சாயந்தரம் காசை வாங்கும்போது டயரையும் கண்ணாடியையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அனுப்புகிறார்கள். எண்ணெய்க் கம்பியை இழுத்து முகர்ந்து பார்த்த ஒருவரையும் நான் இதுவரை காணவில்லை. மண்ணெண்ணெய் வாடை அடித்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். அதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை.